பாஸ்போர்ட்டில் இருக்கும் பழைய ஆங்கிலம்

ஷேக்ஸ்பியரையும் 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளையும் மூல ஆங்கிலத்திலேயே படிக்கத் தொடங்கியிருப்பதாகவும், துணைக்கு வழக்கொழிந்த, விநோதமான ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்று பொருளோடு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் தருவது எளிது. ஆனால் அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. விநோதமாகத் தெரியும் சொல்லால் ஆபத்து கிடையாது, பார்த்ததும் அகராதியைத் திறந்துவிடுவீர்கள். தினமும் பழகிய முகத்தோடு வந்து நிற்கும் பழைய சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போக விடுங்கள் என்று குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும். 'லெட்' என்றால் விடு, அனுமதி என்றுதானே படித்தோம்? அப்படிப் பொருள் கொண்டால் 'அனுமதியும் தடையும் இல்லாமல்' என்று ஆகிவிடும். இங்கே இருப்பது வேறு 'லெட்'. விடுவதற்கு ஒன்று, தடுப்பதற்கு ஒன்று என்று பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனி வினைகள் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தன. நேர் எதிர்ப் பொருள் கொண்ட இரு சொற்கள் ஒரே உருவத்தில் நெடுநாள் புழங்குவது சிரமம். தடுக்கிற 'லெட்' மெல்ல ஒதுங்கியது. இன்று அது சட்ட வாசகங்களிலும், டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு விழும்போது நடுவர் சொல்லும் 'லெட்'டிலும்தான் தங்கியிருக்கிறது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் அது உயிரோடு இருந்தது. தந்தையின் ஆவியைத் தொடர்ந்து ஓட முயலும் ஹாம்லெட்டை நண்பர்கள் இழுத்துப் பிடிக்கிறார்கள். என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று கத்துகிறான். தடுப்பவனைக் கொல்வேன் என்று பொருள். விடுகிறவன் என்று படித்தால் காட்சியே தலைகீழாகிவிடும்.

ஜூலியட் மாடத்தில் நின்று கேட்கும் 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' இன்னும் பிரபலமான பலி. எங்கே இருக்கிறாய் ரோமியோ என்று அவள் தேடுவதாக மேடையில் நடிப்பவர்களே உண்டு, கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு. 'வேர்ஃபோர்' என்றால் ஏன். நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய், என் வீட்டுக்குப் பகையான குடும்பத்தின் பெயர் உனக்கு ஏன் வாய்த்தது என்பதுதான் அவள் வேதனை. உன் தந்தையை மறுத்துவிடு, பெயரைத் துறந்துவிடு என்று அடுத்த வரியிலேயே சொல்கிறாள். பெயரில் என்ன இருக்கிறது என்ற புகழ்பெற்ற கேள்வியும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு சொல்லைத் தவறாகப் பிடித்தால் அந்தப் பேச்சின் முழு ஓட்டமும் கையை விட்டுப் போய்விடும்.

பைபிளில் இத்தகைய சொற்கள் நிறைய. 119ஆம் சங்கீதத்தில் ஒருவர் விடியலை 'பிரிவென்ட்' செய்தேன் என்கிறார். பொழுது விடியாமல் தடுத்தாரா? லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முன்னால் வருதல் என்று பொருள். விடிவதற்கு முன்பே எழுந்து இறைவனைக் கூப்பிட்டேன் என்கிறார். சிறு பிள்ளைகளை என்னிடம் வர 'ஸஃபர்' செய்யுங்கள் என்று இயேசு சொல்வதில் துன்பம் ஏதும் இல்லை, வர விடுங்கள் என்கிறார். லேவியராகமத்தில் 'மீட் ஆஃபரிங்' என்று ஒரு காணிக்கை வரும். அதில் இருப்பவை மெல்லிய மாவு, எண்ணெய், சாம்பிராணி. துளி இறைச்சி கிடையாது. அன்று 'மீட்' என்றால் எந்த உணவும்தான். நம் ஊர்ப் பழைய மிட்டாய்க்கடைப் பலகைகளில் 'ஸ்வீட்மீட்' என்று எழுதியிருக்குமே, அதில் உள்ளது இந்தப் பழைய 'மீட்'.

இதே போலப் பொருள் சுருங்கிய இன்னொன்று 'டீர்'. இன்று மான். அன்று எந்த விலங்கும். லியர் மன்னன் நாடகத்தில் பைத்தியக்காரன் வேடம் போட்டவன், எலியும் சுண்டெலியும் அது போன்ற சின்ன 'டீர்'களும்தான் ஏழு வருஷமாக என் சாப்பாடு என்கிறான். எலி அளவு மானைத் தேட வேண்டாம். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான 'டீயர்' இன்றும் பொதுவாக விலங்கைத்தான் குறிக்கிறது. வேதகால சமஸ்கிருதத்தில் காட்டு விலங்குக்குப் பொதுவாக இருந்த 'மிருக' பின்னால் மானைக் குறிக்கத் தொடங்கியதையும், நாம் அதே சொல்லை மிருகம் என்று எல்லா விலங்குக்கும் வைத்துக்கொண்டதையும் நினைத்தால் வியப்பாக இருக்கிறது. தொடர்பில்லாத இரு நிலங்களில் ஒரே பயணம்.

'ஸ்டார்வ்' என்பது முதலில் சாவதையே குறித்தது, எதனால் என்ற கணக்கு இல்லை. பிறகு பட்டினியால் சாவது என்று சுருங்கி, இப்போது மதியச் சாப்பாடு அரை மணி தாமதமானாலே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நீர்த்துவிட்டது. 'கேர்ள்' ஆண் பெண் இரு பாலிலும் இளையவர்களைச் சுட்டியது. 'குயிக்' என்றால் உயிருள்ள என்று பொருள். 'குயிக் அண்ட் த டெட்' என்பது வேகமானவர்களையும் செத்தவர்களையும் பற்றியது அல்ல, உயிரோடிருப்பவர்களும் இறந்தவர்களும். பாதரசத்தை 'குயிக்சில்வர்' என்றது அது உயிருள்ளது போல ஓடுவதால்.

'சில்லி', 'நைஸ்' இரண்டும் எதிரெதிர் திசையில் போயின. 'சில்லி' என்றால் பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்ற, ஆசீர்வதிக்கப்பட்ட. அது கள்ளமற்ற என்றாகி, பாவப்பட்ட என்றாகி, கடைசியில் முட்டாள்தனமான என்று வந்து நின்றது. 'நைஸ்' லத்தீனில் அறியாமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 1300 வாக்கில் ஒருவரை 'நைஸ்' என்றால் முட்டாள் என்று திட்டுவது. நுணுக்கம், துல்லியம் என்றெல்லாம் சுற்றிவந்து 18ஆம் நூற்றாண்டில் இன்றைய இனிமைக்கு வந்து சேர்ந்தது. நறுமணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' எங்கே போனது என்று தெரிந்த தமிழருக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது காலச் சொற்களின் கதை. 'சூன்', 'அனான்', 'பிரசன்ட்லி' ஆகிய மூன்றுமே ஒரு காலத்தில் உடனே, இந்தக் கணமே என்று பொருள் தந்தவை. மூன்றும் பின்னால் சற்று நேரத்தில் என்று தளர்ந்துவிட்டன. காரணம் மனித சுபாவம். 'இதோ வந்துட்டேன்' என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பவர் எப்போது வருவார் என்று நமக்குத் தெரியும். அதனால் ஷேக்ஸ்பியரில் யாராவது 'பிரசன்ட்லி' வா என்றால், இப்பவே வா என்று படியுங்கள்.

சரி, இப்போது தமிழ் வாசகர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த நாடகங்களைப் படிப்பதில் இன்றைய ஆங்கிலேயரைவிட உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அது 'தௌ', 'யூ' என்ற இரண்டு சொற்களில். இன்றைய ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'யூ'தான். அன்று 'தௌ' ஒருமை, 'யூ' பன்மை. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சு அரசவை வழக்கின் செல்வாக்கில் ஒரே ஆளையும் மரியாதைக்குப் பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். அதாவது நீ, நீங்கள். பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் நெருங்கியவர்களுக்கும் 'தௌ'. பெற்றோருக்கும் மேலோருக்கும் 'யூ'. கோபம் வந்தால் மரியாதை நழுவி 'தௌ' வரும். இதை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1603இல் சர் வால்டர் ராலி மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது அரசுத் தலைமை வழக்கறிஞர் எட்வர்ட் கோக், இந்தப் பெயர்ச்சொல்லையே வினையாக்கி ராலியை நோக்கி வீசினார். 'ஐ தௌ தீ, தௌ டிரெய்ட்டர்' என்றார். உன்னை நான் நீ என்றுதான் சொல்வேன், துரோகி! அந்த அவமானத்தின் சூடு ஆங்கிலத்தில் விளக்கவுரை இல்லாமல் இன்று புரியாது. நமக்கு அப்படியே உறைக்கும்.

ஹாம்லெட்டும் அவன் தாயும் மோதும் காட்சியைப் படிக்கும்போது இதைக் கவனியுங்கள். ஹாம்லெட், நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய் என்கிறாள் தாய். அவள் 'தௌ' போட்டுப் பேசுகிறாள், தாய் மகனிடம் பேசுகிற இயல்பான நீ. தந்தை என்று அவள் சொல்வது மறுமணம் செய்துகொண்ட கிளாடியஸை. அம்மா, நீங்கள் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள் என்கிறான் மகன். அவன் போடுவது 'யூ'. மரியாதையும் விலகலும் ஒரே சொல்லில். இறந்துபோன தகப்பனைத்தான் அவன் சொல்கிறான். ஒரு நாடகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் யாரை எப்போது 'தௌ' என்கிறார்கள், எந்த இடத்தில் 'யூ'வுக்கு மாறுகிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். எந்தச் சொற்பட்டியலும் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

17ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கடவுளுக்கு முன் எல்லோரும் சமம் என்று சொல்லி நீதிபதியையும் பிரபுவையும் 'தௌ' என்றே அழைத்தார்கள். அதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. இன்று நிலைமை வேடிக்கையாகத் திரும்பியிருக்கிறது. பிரார்த்தனையில் மட்டும் கடவுளை 'தௌ' என்று கேட்டுப் பழகிய பல ஆங்கிலேயர்கள், அதுதான் உயர்ந்த மரியாதைச் சொல் என்று நம்புகிறார்கள். தேவாரத்தில் சிவனை நீ என்று அழைக்கிற அதே உரிமைதான் அதில் இருக்கிறது.

அப்புறம், செத்துவிட்டன என்று நாம் நினைக்கும் சொற்கள் எங்கே பதுங்கியிருக்கின்றன என்று பார்ப்போம். 'லெஸ்' என்று முடியும் சொற்களைத் தோண்டினால் நிறைய அகப்படும். 'ரூத்லெஸ்' என்றால் இரக்கமற்ற. அப்படியானால் 'ரூத்' என்று ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தது, இரக்கம் என்று பொருள். 'ரெக்லெஸ்' என்பதில் உள்ள 'ரெக்' அக்கறை. 'லிஸ்ட்லெஸ்' என்பதில் இருப்பது வரிசைப் பட்டியல் அல்ல, விருப்பம் என்ற பொருள் கொண்ட பழைய 'லிஸ்ட்'. 'ஹாப்லெஸ்' என்பதில் உள்ள 'ஹாப்' அதிர்ஷ்டம், தற்செயல். அந்த வேரிலிருந்துதான் 'ஹாப்பன்', 'பெர்ஹாப்ஸ்', 'ஹாப்பி' எல்லாம் முளைத்தன. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'ஹாப்பி' முதலில் அதிர்ஷ்டசாலி என்ற பொருளில்தான் இருந்தது.

இணைச்சொற்கள் இன்னொரு பதுங்குமிடம். 'கித் அண்ட் கின்' என்பதில் 'கின்' உறவினர், தெரியும். 'கித்' என்றால் தெரிந்தவர்கள், பழகிய ஊர். அறியப்பட்ட என்ற பொருள் கொண்ட ஒரு சொல்லோடு சேர்ந்தது அது, அந்தச் சொல்லின் எதிர்மறைதான் 'அன்கூத்'. அறிமுகமில்லாத என்று தொடங்கி நாகரிகமற்ற என்று ஆனது. 'ஹ்யூ அண்ட் கிரை' என்பதில் உள்ள 'ஹ்யூ' வண்ணம் அல்ல, கூச்சல். திருடனைக் கண்டால் கூச்சல் போட வேண்டும், கேட்டவர்கள் எல்லோரும் துரத்திப் பிடிக்க வேண்டும் என்பது இடைக்கால இங்கிலாந்தில் சட்டக் கடமை. 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் அதை வலியுறுத்தியது. குற்றவாளி பிடிபடாவிட்டால் அந்த வட்டாரமே நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்தது.

'ஷார்ட் ஷ்ரிஃப்ட்' என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள், ஒன்றைச் சட்டை செய்யாமல் தள்ளுவது என்ற பொருளில். 'ஷ்ரிஃப்ட்' என்றால் பாதிரியாரிடம் செய்யும் பாவமன்னிப்பு அறிக்கை. மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தில் ஒருவனைத் தலைவெட்டக் கூட்டிப்போகும்போது, சீக்கிரம் பாவமன்னிப்பை முடி, உன் தலையைப் பார்க்க ரிச்சர்ட் காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்துகிறார்கள். இன்று சாதாரணமாகத் தட்டச்சு செய்கிற அந்தத் தொடருக்குள் ஒரு கொலைக்களம் இருக்கிறது.

வார்த்தை பிரிக்கும் இடத்திலும் விபத்துகள் நடந்திருக்கின்றன. 'ஈக்' என்றால் கூடுதல். கூடுதல் பெயர் 'அன் ஈக்நேம்'. அதன் 'ன்' நகர்ந்து ஒட்டிக்கொண்டு 'நிக்நேம்' ஆகிவிட்டது. சமையலறையில் கட்டும் 'ஏப்ரன்' இதற்கு எதிர். அது 'நாப்ரன்'. முன்னால் நின்ற 'அ', சொல்லின் 'ந'வைப் பறித்துக்கொண்டது. விரியன் பாம்பான 'ஆடர்' முன்பு 'நாடர்', கிரிக்கெட்டில் நிற்கும் 'அம்பயர்' முன்பு 'நம்பயர்' போன்ற ஒன்று.

'வைஃப்' என்றால் பழைய ஆங்கிலத்தில் பெண், மணமானவள் என்ற நிபந்தனை இல்லை. 'மிட்வைஃப்' என்பதில் 'மிட்' என்றால் உடன். பிரசவிக்கும் பெண்ணுக்கு உடனிருப்பவர். ஆகவே ஆண் ஒருவர் அந்த வேலையைச் செய்தாலும் பெயர் பொருந்தும். 'மேன்' என்றால் மனிதர் யாரும். ஆணுக்குத் தனியாக 'வேர்' என்ற சொல் இருந்தது. அது இப்போது ஓநாய் மனிதனைக் குறிக்கும் 'வேர்வுல்ஃப்' என்பதில் தெரிகிறது, 'வேர்ல்ட்' என்பதிலும் உருத்தெரியாமல் கரைந்திருக்கிறது. 'லார்ட்' என்பது ரொட்டியைக் காப்பவர், 'லேடி' என்பது ரொட்டிக்கு மாவு பிசைபவர். படியளப்பவரை ஆண்டவன் என்று சொல்லும் நமக்கு இது நெருக்கமான சிந்தனை.

பழமை காட்ட விரும்பும் கடைகள் 'யீ ஓல்ட்' என்று பலகை வைப்பதைப் பார்த்திருக்கலாம். அப்படி யாரும் எப்போதும் உச்சரிக்கவில்லை. 'த' ஒலிக்குப் பழைய ஆங்கிலத்தில் 'தார்ன்' என்று ஒரு தனி எழுத்து இருந்தது, ஐஸ்லாந்து மொழியில் இன்றும் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சு எழுத்துகளில் அது கிடையாது. உருவம் கிட்டத்தட்ட ஒத்திருந்த 'ஒய்' எழுத்தைப் போட்டுச் சமாளித்தார்கள். படிக்கும்போது 'த' என்றுதான் படித்தார்கள்.

அச்சை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன், 1490இல் ஒரு முன்னுரையில் எழுதிய சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தேம்ஸ் நதியிலிருந்து கப்பலில் புறப்பட்ட வணிகர்கள், காற்று இல்லாததால் கரையிறங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார், குறிப்பாக 'எக்ஸ்' வேண்டும் என்கிறார். வீட்டுக்கார அம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாதே என்கிறார். வணிகருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவர் குறுக்கிட்டு 'ஐரன்' வேண்டும் என்றதும் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. முட்டைதான். வடக்கில் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது 'எக்', தெற்கே புழங்கிய பூர்வீகச் சொல் 'ஐரன்'. பூர்வீகம் தோற்றது. இன்று அந்த வயதான 'ஐரன்' எந்த ஆங்கிலேயர் சமையலறையிலும் கிடையாது. எதை அச்சிடுவது, 'எக்ஸ்' என்றா 'ஐரன்' என்றா என்று காக்ஸ்டன் உண்மையிலேயே தவித்திருக்கிறார்.

இணையத்தில் சுற்றும் அழகான பட்டியல்களுக்கு வருகிறேன். அவற்றில் உள்ளவை எல்லாம் பொய் அல்ல. 'ஊட்கேரே' என்று ஒன்று வரும், விடியலுக்கு முன் படுத்தபடியே விழித்துக்கொண்டு படும் கவலை. உண்மையான பழைய ஆங்கிலச் சொல், அபாரமான சொல். எக்ஸெடர் தேவாலயத்தில் இருக்கும் 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் புலம்பல் பாட்டு இருக்கிறது. கடல் கடந்து போன தலைவன் எந்த நிலத்தில் இருக்கிறானோ என்று வைகறையில் வருந்தினேன் என்கிறாள். சங்க அகப்பாடல் படித்தவர்களுக்கு இவளைத் தெரியும். ஆனால் இதை அன்று ஊரே புழங்கிய அன்றாடச் சொல் போலக் காட்டுவது தவறு. அந்த ஒரு கவிதையில் மட்டுமே நமக்குக் கிடைக்கும் கூட்டுச்சொல் அது.

'ஓவர்மாரோ' நிஜமான சரக்கு. நாளை மறுநாள் என்று பொருள், 1535ஆம் ஆண்டு கவர்டேல் பைபிளில் வருகிறது. இப்படி ஒரு சொல்லைக் கைவிட்டுவிட்டு நான்கு சொற்களில் சுற்றி வளைத்துச் சொல்கிறார்களே என்று எனக்கு இன்றும் வருத்தம். 'அப்ரிசிட்டி' வேறு வகை. குளிர்காலத்து இளவெயிலின் கதகதப்பு. ஹென்றி காக்கரம் 1623இல் வெளியிட்ட அகராதியில் இருக்கிறது. அன்று அகராதி செய்தவர்கள் லத்தீன் வேர்களிலிருந்து தாங்களே சொல் வார்த்து உள்ளே போடுவது உண்டு. மக்கள் வாயிலும் புத்தகங்களிலும் அநேகமாக அது புழங்கியதே இல்லை.

லத்தீன் இறக்குமதியைக் கண்டு மனம் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் சீக், நம் மொழி கலப்பற்று எழுதப்பட வேண்டும் என்றார். நூறு வீரர்களின் தலைவனான 'சென்சூரியன்' அவர் மொழிபெயர்ப்பில் 'ஹண்ட்ரடர்' ஆனான். 19ஆம் நூற்றாண்டில் டார்செட் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ் 'ஃபோட்டோகிராஃப்' வேண்டாம், 'சன்பிரிண்ட்' என்போம் என்றார். இலக்கணத்துக்கு 'ஸ்பீச்கிராஃப்ட்'. தனித்தமிழ் இயக்கத்தை அறிந்தவர்கள் இவர்களைப் பரிவோடு படிப்பார்கள். நானும் அப்படித்தான் படிக்கிறேன்.

அகராதியிலேயே பிழை புகுந்த கதையும் உண்டு. 1934இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியில் 'டார்ட்' என்று ஒரு சொல், பொருள் அடர்த்தி. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கம் பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' என்பதை ஆங்கிலத்தில் 'டி ஆர் டி' என்று எழுதிய ஒரு சீட்டை யாரோ ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்துவிட்டார்கள். 1939இல்தான் கண்டுபிடித்தார்கள். சொற்பிறப்பு ஏதும் போடாமல் நின்றதுதான் காட்டிக்கொடுத்தது. ஒரு பழைய சொல்லை நம்பலாமா என்று பார்க்க இதுவே நல்ல சோதனை: அதற்குப் பிறப்பு சொல்லப்பட்டிருக்கிறதா, எந்த ஆண்டில் யார் எழுதிய வாக்கியத்தில் வருகிறது என்று காட்டப்பட்டிருக்கிறதா?

ஆக்ஸ்போர்டு பேரகராதி இதற்குத்தான். 1857இல் திட்டமிட்டு, 1884இல் முதல் பகுதி வந்து, 1928இல் முடிந்தது. ஆயிரக்கணக்கான சாதாரண வாசகர்கள் பழைய புத்தகங்களிலிருந்து வாக்கியங்களைச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு வரிசையில் மேற்கோள்கள் இருக்கும். பொருள் எப்போது திரும்பியது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பல்கலைக்கழக நூலகம் எதிலாவது அச்சுப் பிரதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நாடகம் படிக்கும்போது ஒரு வாக்கியம் இலக்கணமாகச் சரியாக இருந்தும் அர்த்தம் இடறினால், அதில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, எளிமையான சொல் எது என்று பார்த்து அதை முதலில் தேடுங்கள். முதல் நாடகமாக ரோமியோ ஜூலியட்டை எடுத்துக்கொண்டால் 'தௌ'வும் 'யூ'வும் மாறிமாறி வருவதைப் பழகிக்கொள்ள வசதியாக இருக்கும். ஹாம்லெட்டை அதற்கடுத்து வைத்துக்கொள்ளலாம்.